மலையிடுக்கில் ஒரு நாள்

ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு நீரைக் கண்டால் அச்சம் இராது என்று பலரும் எண்ணுவர். நான் பொருநை ஆற்றங்கரையில் பிறந்தவன். எனினும், என் பத்தாம் வயது தொடங்கி நாற்பத்தெட்டாம் வயது வரை முழங்காலுக்கு மேற்பட்ட நீரில் இறங்கியவன் அல்லன். அந்த அச்சம் எவ்வாறு என்னைப் பற்றியது என்பதையும், கடல் கடந்த நாடொன்றின் மலையிடுக்கில் அஃது எவ்வாறு என்னை விட்டு நீங்கியது என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் ஊர்ச் சிறுவர் கிணற்றில்தான் நீந்தக் கற்பர். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு பூட்டி, பெரியவர்கள் எங்களைக் கிணற்றில் இறக்குவர். நாள் செல்லச் செல்லக் குடுக்கை போகும். பின்னர்க் கயிறும் போகும். கிணற்றில் தேறியவனே ஆற்றுக்குச் செல்லலாம் என்பது ஊர் வழக்கம். நான் விரைவில் தேறினேன்; தேறியதனால் செருக்கும் கொண்டேன்.

ஓர் ஐப்பசித் திங்களில் மேற்கு மலையில் பெய்த மழையால் ஆறு செந்நிறம் கொண்டு பெருகியது. "இன்று எவனும் இறங்கக் கூடாது" என்று படித்துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் எச்சரித்தார். என்னுடன் வந்த சிறுவர்கள் நின்றுவிட்டனர். நானோ கரையில் நின்ற மருத மரத்தின் கிளையில் ஏறி, எல்லாரும் பார்க்கட்டும் என்று குதித்தேன். அடுத்த நொடியில் ஆறு என்னைப் பற்றி இழுத்தது. எழுந்தேன், மூழ்கினேன், மீண்டும் எழுந்தேன். அதன் பிறகு என் நினைவில் இருப்பது, ஒரு கை என் தலைமயிரைப் பற்றிக் கரையை நோக்கித் தள்ளியது மட்டுமே.

அந்தக் கை என் அண்ணனுடையது. அவர் என் பெரியப்பாவின் மகன். அப்போது அவருக்கு வயது பதினாறு. சடுகுடு ஆட்டத்தில் எங்கள் பள்ளிக்கே தலைவர். என்னைக் கரையில் சேர்த்த அவரை வெள்ளம் கல்மண்டபத் தூணில் மோதியது. வலக்கால் எலும்பு முறிந்தது. முறிந்த எலும்பு கூடிற்று. ஆனால் நடை நேராகவில்லை. அதன் பின்னர் அவர் சடுகுடு ஆடியதில்லை. ஒரு நாளேனும் அவர் என்னைக் குறை கூறியதும் இல்லை. அந்தப் பொறுமையே எனக்கு நீங்காத தண்டனையாயிற்று. அன்று முதல் ஆற்றைக் கண்டால் என் கால்கள் நடுங்கும்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நான் பிலிப்பைன் நாட்டுக்குச் சென்றேன். என் தமக்கையின் மகன் அந்நாட்டின் செபு நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தான். நான் சென்ற மூன்றாம் நாள் அவன், "மாமா, நாளை நாம் கவாசான் அருவிக்குச் செல்கிறோம். ஆற்றின் வழியாகவே செல்கிறோம்" என்றான். ஆற்றின் வழி என்றால் ஆற்றங்கரை வழி என்று நான் எண்ணிக்கொண்டேன். அவன் அதனை விளக்கவில்லை, நானும் வினவவில்லை.

பிலிப்பைன் நாடு ஏழாயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளால் ஆகியது. அவற்றுள் ஒன்று செபு. வடக்குத் தெற்காக ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீண்டும், அகலத்தில் மிகக் குறுகியும், கடலில் மிதக்கும் ஒரு படகு போல அது கிடக்கிறது. உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட மகெல்லன் 1521ஆம் ஆண்டு இத்தீவுக்கு வந்தார். இதன் அருகிலுள்ள மக்தான் தீவில் நடந்த போரில் மாண்டார். அந்நாளில் செபுவை ஆண்ட தலைவனை 'ராஜா' என்றே அழைத்தனர். இன்றும் பிலிப்பினோ மொழியில் ஆசிரியருக்குக் 'குரோ' என்றும், முகத்திற்கு 'முகா' என்றும் பெயர். கடல் வாணிகத்தின் வழியே சொற்களும் பயணம் செய்தன என்பதற்கு இவை சான்று பகர்கின்றன.

விடியற்காலையில் செபு நகரின் தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்டோம். நானும், மருமகனும், அவனுடன் பயிலும் மாணவர் இருவருமாக நால்வர். கார்கார் என்னும் ஊரில் பேருந்து நின்றபோது சிறு வணிகர்கள் கூடைகளுடன் ஏறினர். ஒரு கூடையில் அரிசிப் பொரியை வெல்லப் பாகில் பிடித்த பண்டம் இருந்தது. அதற்கு அங்கே 'அம்பாவ்' என்று பெயர். கடித்துப் பார்த்தேன், நம் ஊர்த் திருவிழாவில் வாங்கித் தின்ற பொரியுருண்டை நினைவுக்கு வந்தது. கார்காரைக் கடந்ததும் சாலை மேற்குக் கடற்கரைக்குத் திரும்பியது. ஒரு புறம் தென்னந்தோப்புகள். மறு புறம் தான்யோன் நீரிணை. அதற்கு அப்பால் நெக்ரோஸ் தீவின் நீல மலைகள். ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் பாடியான் என்னும் ஊரை அடைந்தோம்.

அங்கே ஒரு கொட்டகையில் எங்களுக்குத் தலைக்கவசமும், மிதவைச் சட்டையும், வழுக்காத காலணியும் கொடுத்தனர். அப்போதுதான் உண்மை விளங்கிற்று. கேனியனீரிங் என்று மேல்நாட்டார் கூறும் பயணம் இது. மலையிடுக்கில் ஓடும் ஆற்றிலேயே நடந்தும், நீந்தியும், பாறைச் சரிவுகளில் சறுக்கியும், அருவி விழும் இடங்களில் குதித்தும், கயிற்றைப் பற்றி இறங்கியும் செல்ல வேண்டும். மலையிடுக்குகளை ஆராயும் முயற்சி ஐரோப்பாவில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தொடங்கியது. மார்த்தெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1905ஆம் ஆண்டில் வெர்தோன் ஆற்றின் பெரும் மலையிடுக்கைத் தம் குழுவினருடன் கடந்து ஆராய்ந்தார். அறிவுத் தேடலாக இருந்த அம்முயற்சி, பிற்காலத்தில் வீர விளையாட்டாகவும் வளர்ந்தது.

"நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் சென்று வாருங்கள்" என்றேன். மருமகன் முகம் வாடினான். அப்போது எங்கள் வழிகாட்டி அருகில் வந்தார். அவருக்கு நாற்பது வயது இருக்கலாம். மக்காச்சோளமும் தென்னையும் பயிரிடும் குடும்பத்தில் பிறந்தவர், நெடுநாள் உழைப்பால் உரம் பெற்ற கைகள், சிரித்த முகம். அந்நாட்டில் அண்ணனைக் 'குயா' என்பர். உறவினர் அல்லாதவரையும் மரியாதையுடன் அவ்வாறே அழைப்பது வழக்கம். ஆதலின், வயதில் இளையவரான அவரை நானும் 'குயா' என்றே அழைத்தேன்.

அவர் என்னை வற்புறுத்தவில்லை. என் அச்சத்தைக் கேட்டு நகைக்கவும் இல்லை. "ஐயா, குதிக்க விரும்பாதவர்கள் பெரும்பாலான இடங்களில் பாறை வழியே இறங்கி வரலாம். அச்சம் குற்றம் அன்று. ஆனால், அதனை என்னிடம் மறைக்காதீர்கள். யார் அஞ்சுகிறார் என்று தெரிந்தால்தான் நான் எங்கே நிற்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்" என்றார்.

இத்தனை ஆண்டுகளில் என் அச்சத்தைப் பற்றி எவரும் இவ்வளவு எளிமையாகப் பேசியதில்லை. மிதவைச் சட்டையை அணிந்துகொண்டேன். அதன் வார்களை அவர் இழுத்துப் பூட்டியபோது, என் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிய தாத்தாவின் கைகள் நினைவுக்கு வந்தன.

வாடகை மோட்டார் சைக்கிள்களில் மலைமேல் ஏறி, அலெக்ரியா ஊரின் எல்லையில் இறங்கினோம். அங்கிருந்து காட்டு வழியே நடந்து கன்லவோப் ஆற்றை அடைந்தோம். பதிவு பெற்ற வழிகாட்டி இல்லாமல் எவரும் இவ்வாற்றில் இறங்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. எங்களுடன் இருவர் வந்தனர். குயா முன்னே சென்றார். அவருடைய துணைவரான இளைஞர் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னே வந்தார்.

அந்த ஆற்று நீரின் நிறத்தை எவ்வாறு சொல்வேன்! மயிலின் கழுத்தில் நீலமும் பச்சையும் கலக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த நிறமே உருகி ஓடுவது போல் இருந்தது. இரு புறமும் பாறைச் சுவர்கள் ஓங்கி நின்றன. அவற்றின் இடுக்குகளில் பெரணிச் செடிகள் செழித்துத் தொங்கின. ஆலின் இனத்தைச் சேர்ந்த மரங்கள் பாறையைத் தழுவித் தம் வேர்களை நீர் வரை இறக்கியிருந்தன. மேலே வானம் ஒரு நீல நாடா போலத் தெரிந்தது.

இந்நிறத்திற்குக் காரணம் மலையின் இயல்பே ஆகும். செபுத் தீவின் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல்லால் ஆகியது. பன்னெடுங்காலத்திற்கு முன் கடலடியில் வாழ்ந்த பவள உயிர்களின் கூடுகளும் சிப்பிகளும் படிந்து இறுகிக் கல்லாயின. பின்னர் நிலம் மேலெழுந்தபோது அக்கல்லே மலையாயிற்று. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைத் தன்னுள் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லைச் சிறிது சிறிதாக அரிக்கிறது. கோடரியும் உளியும் இன்றி நீரே இந்த மலையிடுக்கை வெட்டியது. நீர் பாறையில் மோதிச் சிதறும்போது அதிலுள்ள வாயு வெளியேறுகிறது; கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. வயலுக்கு வரப்புக் கட்டியது போல ஒவ்வொரு மடுவின் விளிம்பும் உயர்ந்திருப்பதற்கு இதுவே காரணம். நீரில் மிதக்கும் மிக நுண்ணிய சுண்ணத் துகள்கள் கதிரவன் ஒளியில் நீலத்தையும் பச்சையையும் மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. அரிப்பதும் அந்நீரே, படைப்பதும் அந்நீரே.

முதல் மடுவில் இறங்கியபோது என் பற்கள் தாமே மோதிக்கொண்டன. குளிர் பாதி, அச்சம் பாதி. குயா எனக்கு ஒரு முழ தூரத்தில் நீந்தி வந்தார். மிதவைச் சட்டை என்னைத் தாங்கிற்று. மல்லாந்து மிதந்தபடி வானத்தைப் பார்த்தேன். நீர் என்னை விழுங்கவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் எனக்கும் நீருக்கும் மீண்டும் அறிமுகம் ஆயிற்று.

அடுத்து ஒரு பாறைச் சரிவு. நீர் ஓடி ஓடி வழவழப்பாகிய அக்கல்லின் மேல் மல்லாந்து படுத்து, கைகளை மார்பில் சேர்த்துக்கொண்டு சறுக்கினோம். பின்னர் நான்கடி உயரத்திலிருந்து ஒரு குதிப்பு. அதன் பின்னர் எட்டடி. ஒவ்வோர் இடத்திலும் குயா முன்னதாக இறங்கி மடுவின் ஆழத்தைச் சோதித்தார். "நேற்று ஆழமாக இருந்த இடம் இன்றும் அவ்வாறே இருக்கும் என்று நம்பக் கூடாது. ஆறு இரவில் கல்லை உருட்டிக்கொண்டு வரும்" என்றார். ஆயிரம் முறை கண்ட மடுவை அவர் ஆயிரத்து ஓராம் முறையும் சோதித்தது எனக்கு வியப்பாக இருந்தது. ஆழமறியாமல் காலை விடாதே என்ற பழமொழியை நான் வகுப்பில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதனைத் தம் தொழிலாகவே கொண்டு வாழ்பவரை அன்றுதான் கண்டேன்.

நண்பகலில் இருபத்தைந்தடி உயரமுள்ள ஒரு பாறை முனையை அடைந்தோம். கீழே கருநீலமாக ஒரு கசம். இளைஞர் மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் குதித்துக் கூவினர். நான் முனையில் நின்றேன். என் கால்கள் என் சொல் கேட்கவில்லை. "பாறை வழியே இறங்கலாமா, ஐயா?" என்று குயா கேட்டார். அக்குரலில் ஏளனம் சிறிதும் இல்லை. இறங்கும் வழி உண்டு என்பதை அறிந்ததனாலேயே எனக்குக் குதிக்கும் துணிவு பிறந்தது. அவர் கற்பித்தவாறே கைகளை மார்பின் குறுக்கே கட்டினேன், கால்களைச் சேர்த்தேன், கீழே நோக்காமல் எதிர்ப்பாறையை நோக்கினேன், ஓர் அடி எடுத்து வைத்தேன்.

காற்று, பின்னர் நீர், பின்னர்ப் பச்சை இருள், பின்னர் ஒளி. மேலே வந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். என் மருமகன், "மாமா!" என்று கத்தினான். நாற்பத்தெட்டு வயதினனாகிய நான் பத்து வயதுச் சிறுவனானேன்.

பத்து வயதுச் சிறுவனானேன் என்று சொன்னது வெறும் அழகுக்காக அன்று. அடுத்த அரைமணி நேரத்தில் நான் நடந்துகொண்ட முறையும் அச்சிறுவனுடையதாகவே இருந்தது. அடுத்த பாறை எங்கே, அது எத்தனை அடி என்று கேட்டுக்கொண்டே எல்லாருக்கும் முன்னே சென்றேன். பதினைந்தடி உயரமுள்ள மற்றொரு முனையில் ஏறி நின்றேன். கைகளைக் கட்டினேன். அப்போது, "நில்லுங்கள்!" என்னும் குரல் கேட்டது.

குயா மடுவின் ஓரத்தில் குனிந்து நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வந்து சேர்ந்ததும் நீர்மட்டத்தில் ஒரு வெள்ளைக் கல்லை அவர் வைத்ததை நான் கண்டிருந்தேன். விளையாட்டாக வைக்கிறார் என்று எண்ணினேன். இப்போது அக்கல் நீருக்குள் மூழ்கியிருந்தது. மயில் கழுத்தின் நிறம் சற்றே மங்கிப் பால் கலந்தது போலாயிற்று. சருகுகளும் சிறு சுள்ளிகளும் மிதந்து வந்தன.

"எல்லாரும் மேலே ஏறுங்கள்" என்றார் அவர். அதுவரை இருந்த சிரிப்பு அவர் முகத்தில் இல்லை.

நான் வானத்தைப் பார்த்தேன். மலையிடுக்கின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு துளி மழையும் இல்லை. "குயா, வானம் தெளிவாக இருக்கிறதே! இந்த ஒரு குதிப்பு மட்டும் குதித்துவிட்டு வருகிறேன்" என்றேன்.

"நம் தலைக்கு மேலுள்ள வானத்தை ஆறு கேட்பதில்லை, ஐயா. மலை உச்சியிலுள்ள வானத்தையே கேட்கும். நீங்கள் குதித்தால் உங்களை எடுத்துவர நானும் குதிக்க வேண்டும்" என்றார் அவர்.

அச்சொல் என்னைச் சுட்டது. மருத மரக்கிளையும், வலை உலர்த்திய முதியவரின் குரலும், அண்ணனின் வளைந்த காலும் ஒரே கணத்தில் என் முன் வந்து நின்றன. அன்றும் நான் ஒருவன்தான் குதித்தேன். ஆனால் இருவர் நீரில் இருந்தோம். என் துணிவுக்கு விலை கொடுத்தவன் நான் அல்லன். கட்டிய கைகளை அவிழ்த்துப் பாறையிலிருந்து இறங்கினேன். குயா நீட்டிய கையைப் பற்றிக்கொண்டு மேலே ஏறினேன்.

ஆற்றுக்கு மேல் இருபதடி உயரத்தில் ஒரு பாறைத் திண்ணை இருந்தது. துணைவர் கயிற்றை ஒரு மரத்தில் கட்டி எங்களை அங்கே ஏற்றினார். நாங்கள் அமர்ந்து பத்து நிமிடங்கூட ஆகியிராது. முதலில் ஒலி மாறியது. சலசலத்துக்கொண்டிருந்த ஆறு உறுமத் தொடங்கியது. பின்னர் ஈர மண்ணின் வாடை வீசிற்று. அதன் பின்னர் வளைவைக் கடந்து வந்தது வெள்ளம். பழுப்பு நிறம், மேலே நுரை, நுரையில் சுழன்று வரும் கிளைகள், வேரோடு பெயர்ந்த ஒரு வாழை. நான் குதிக்க நின்ற பாறை முனையின் அடியில் மடு என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. நீருக்கடியில் கற்கள் உருண்டு மோதும் ஓசை தொலைவில் இடி இடிப்பது போலக் கேட்டது. எவரும் பேசவில்லை. மருமகன் என் கையைப் பற்றியிருந்தான். அவன் கையும் நடுங்கியது.

ஒரு மணி நேரத்திற்குப் பின்னும் வெள்ளம் தணியவில்லை. குயா ஆற்று வழியைக் கைவிட்டு, திண்ணைக்கு மேலிருந்த ஒற்றையடிப் பாதையில் எங்களை அழைத்துச் சென்றார். செங்குத்தான ஏற்றம், பின்னர்த் தென்னந்தோப்புகளின் வழியே நெடிய இறக்கம். முறிந்த தென்னைகள் சில வழியில் தலையின்றி நின்றன. 2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16ஆம் நாள் வீசிய 'ஓடெட்' என்னும் பெரும்புயலின் வடுக்கள் அவை. அப்புயலுக்குப் பின் பல நாள் ஆற்றில் எவரும் இறங்கவில்லை என்றும், விழுந்த மரங்களை அறுத்து வழியைச் செப்பனிட்டதில் தம் கைக்கும் பங்கு உண்டு என்றும் குயா கூறினார். நாங்கள் வந்த நாளன்றும் பிற்பகலில் அவருக்கு வேறொரு குழு காத்திருந்தது. ஆறு மூடப்பட்டதனால் அந்தக் கூலியை அவர் இழந்தார். "நில்லுங்கள்" என்று சொன்னபோது தம் வருவாயையும் சேர்த்தே நிறுத்தினார் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

மாலையில் சாலையோரக் கடையொன்றில் உண்டோம். இளந்தென்னை ஓலையைப் பொட்டலமாகப் பின்னி, அதனுள் அரிசியிட்டு வேகவைத்த சோறு அவ்வூரின் சிறப்பான உணவு. அதனைப் 'பூசோ' என்பர். ஓலையைக் கத்தியால் பிளந்தபோது எழுந்த மணம், கார்த்திகைத் திருநாளில் எங்கள் வீட்டில் அவிக்கும் பனையோலைக் கொழுக்கட்டையை நினைவூட்டியது. குயாவிடம் என் அண்ணனின் கதையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "உங்கள் அண்ணன் நல்ல வழிகாட்டியாகியிருப்பார்" என்றார்.

அன்றிரவு பாடியானிலேயே தங்கினோம். மறுநாள் காலையில் குயா எங்களைக் கரைவழியே கவாசான் அருவிக்கு அழைத்துச் சென்றார். வெள்ளம் தணிந்திருந்தது. அடுக்கடுக்காக இறங்கும் அவ்வருவி, பாறை முகத்தில் வெள்ளைத் திரையாகத் தொங்கியது. அதன் அடியிலுள்ள பெருமடுவில் பழுப்பு நீங்கி, இளநீர் கலந்தது போன்றதொரு பசுமை திரும்பிக்கொண்டிருந்தது. மூங்கில் தெப்பங்கள் கரையில் கட்டப்பட்டிருந்தன. ஆற்றில் இறங்க அன்றும் இசைவு இல்லை. நாங்கள் கரையில் அமர்ந்து அருவியின் சாரலை முகத்தில் ஏற்றுக்கொண்டோம். ஆற்றின் வழியே வந்து அடைந்திருந்தால் அவ்வருவி எனக்கு ஒரு வெற்றிச் சின்னமாகத் தோன்றியிருக்கும். கரைவழியே வந்ததனால் அதனை அருவியாகவே கண்டேன்.

ஊர் திரும்பிய பின்னர், சுவிட்சர்லாந்து நாட்டில் நடந்த ஒரு துயரத்தைப் பற்றிப் படித்தேன். 1999ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள், இன்டர்லாக்கன் நகருக்கு அருகில் சாக்செத்தன் என்னும் ஓடையின் மலையிடுக்கில் சில குழுவினர் இறங்கியிருந்தனர். மேலே மலையில் இடியுடன் மழை பெய்தது. திடீரெனப் பெருகி வந்த வெள்ளம் இருபத்தொரு பேரின் உயிரைக் கொண்டு சென்றது. அவர்களுள் மூவர் வழிகாட்டிகள். அவ்வரிகளைப் படித்தபோது, நீருக்குள் மூழ்கிய வெள்ளைக் கல் என் கண்முன் தோன்றியது.

விடுமுறையில் என் சிற்றூருக்குச் சென்றேன். அண்ணன் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நடந்தவை அனைத்தையும் சொன்னேன். நான் குதித்ததைச் சொன்னபோது அவர் கைகொட்டிச் சிரித்தார். நான் குதிக்காமல் இறங்கியதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தார்.

"அண்ணே, அந்தக் காலத்திலேயே உங்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்" என்றேன்.

"காலை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன், தம்பி. நீ ஆற்றுப் பக்கமே வராமல் போனாயே, அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. வா, போய்க் குளித்துவிட்டு வரலாம்" என்றார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் புறப்பட்டோம். அவருடைய நடைக்கு ஏற்ப நான் மெல்ல நடந்தேன். படித்துறையில் பொருநை தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கடைசிப் படியில் நின்று நீரின் நிறத்தைப் பார்த்தார்; மேற்கே மலையைப் பார்த்தார். பின்னர், "இறங்கலாம்" என்றார். நான் இறங்கினேன்.